படைப்பணியில் இறந்தவர்களை நினைவில் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் ராணுவத்தில் இருந்தபோது இறந்தான். அதற்குப் பிறகு, என்னைப் போலவே அண்ணனையோ அப்பாவையோ கணவரையோ கூடப் படித்தவனையோ பறிகொடுத்த பலரோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்கள் என்னிடம் கேட்டதும் நான் அவர்களிடம் கேட்டதுமான கேள்விகள்தான் இவை. கொடி போர்த்திய பெட்டி, மலர்வளையம், துப்பாக்கி மரியாதை எல்லாம் ஒரு வீரர் எப்படி இறந்தார் என்பதை ஊருக்குச் சொல்லிவிடும். அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல வீட்டாரையும் நண்பர்களையும் விட்டால் ஆள் கிடையாது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியவை.

இறந்து பல வருடமாகிவிட்டது. இப்போது பேச்சை எடுத்தால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகிவிடாதா?

ஆறியிருந்தால்தானே கிளறுவதற்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் அவனை மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. நாம் பெயரைச் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கு நினைவு வராமல் போவதும் இல்லை. வந்த நினைவை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான். பேச்சைத் தவிர்ப்பது பல நேரம் நம்முடைய சங்கடத்துக்காக. அதை அவர்களுடைய நன்மைக்காக என்று சொல்லிக்கொள்கிறோம்.

கேட்டுவிட்டுப் பேசுங்கள். “அவனைப் பத்திக் கொஞ்சம் பேசலாமாம்மா?” என்றால் போதும். “இன்னிக்கு வேணாம்பா” என்று சொன்னால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவர்களே எடுப்பார்கள். “நாட்டுக்காகத்தானே போனான்”, “இன்னொரு பிள்ளை இருக்கானே” போன்ற ஆறுதல்களை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நல்ல மனதோடு சொல்லப்படுபவைதான். ஆனால் அதைக் கேட்டபின் அந்தத் தாயால் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச முடியாது.

நான் உறவுக்காரன் இல்லை, வெறும் நண்பன். வீட்டாரிடம் போய் நிற்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

படையில் சேர்ந்த ஒருவருடைய வாழ்க்கை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பதினெட்டு, இருபது வயதுவரை வீட்டில். பிறகு வருடத்தில் பெரும்பகுதி வேறொரு இடத்தில், வேறு மனிதர்களோடு. லீவில் வருகிறவர் அங்கே நடந்ததை அதிகம் சொல்வதில்லை. வீட்டார் கவலைப்படக்கூடாது என்று பாதியை மறைப்பார்; மீதியைச் சொன்னாலும் வீட்டாருக்குப் புரியாது. அதனால் அவர் இறக்கும்போது, கடைசி வருடங்களில் அவர் யாராக இருந்தார் என்பது யூனிட்டில் கூட இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். நீங்கள் அந்த வீட்டுக்குக் கொண்டுபோவது அவர்களிடம் இல்லாத பாதி.

அண்ணனோடு ஒரே பாரக்கில் (சிப்பாய்கள் தங்கும் கூடத்தில்) இருந்த ஒருவர், வெகு காலம் தயங்கிவிட்டு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீரதீரக் கதை சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது பூட்ஸைப் பற்றி. காலையில் எல்லோரும் அவசர அவசரமாகக் கிளம்பும்போது, அண்ணன் மட்டும் இரண்டு பூட்ஸையும் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டுவானாம். உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டுவானாம். தேள் பயம். மழை கொட்டினாலும், மேலதிகாரி கத்தினாலும், தட்டாமல் போட மாட்டானாம். அதனாலேயே அவனுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருந்ததாம். அம்மா சிரித்துவிட்டார். சின்ன வயதில் செருப்பை உதறாமல் போட மாட்டான் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் அவனோடு அவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அன்று மாலை முழுவதும் அம்மா அவன் சிறுபிள்ளைக் கதைகளைச் சொல்ல, அவர் பாரக் கதைகளைச் சொல்ல, இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே போங்கள். நேரில் போக முடியாவிட்டால் கடிதம் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், யாரோடு சண்டை போட்டார், யாருக்குப் பணம் கொடுத்து உதவினார் என்று எழுதுங்கள். கடைசி நிமிடங்களைப் பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். வலியில்லாமல் போனார் என்று தெரியாமலேயே சொல்லி, பிறகு வேறொருவர் வாயிலிருந்து உண்மை வந்தால் அது இரண்டாவது சாவாகிவிடும்.

அவர் சண்டையில் இறக்கவில்லை. விபத்து. மற்றவர்களோடு சேர்த்து அவர் பெயரைச் சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமே இல்லை. முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்க 1917-ல் அமைக்கப்பட்டது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் (அன்று அதன் பெயர் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம்). அது வகுத்துக்கொண்ட விதிப்படி 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை படைப்பணியில் இருக்கும்போது இறந்தவர்கள் எல்லோரும் கணக்கில் வருவார்கள். குண்டடி பட்டவரும், காய்ச்சலில் போனவரும், லாரி கவிழ்ந்து இறந்தவரும் ஒரே வரிசையில், ஒரே அளவுக் கல்லின் கீழ் கிடக்கிறார்கள். பதவி, இனம், மதம் பார்த்துக் கல்லில் வேறுபாடு கூடாது என்பது அந்த ஆணையம் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. காய்ச்சலில் போன சிப்பாயும் தன் வீட்டை விட்டு அங்கே வந்தது அந்தப் பணிக்காகத்தானே.

தற்கொலை செய்துகொண்டார். குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது. இப்படி ஒரு வீட்டின் அமைதியை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த வீட்டார் இறப்பை மறைக்கப்போய், அந்த மனிதரின் முழு வாழ்க்கையையும் சேர்த்து மறைக்கும்படி ஆகிவிட்டது. போட்டோ சுவரிலிருந்து இறங்கிவிட்டது. தம்பி பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாது.

வெட்கத்தால் அழிக்கப்பட்ட பெயர்கள் திரும்பி வந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. முதல் உலகப் போரின்போது ஓடிப்போனார்கள், கோழைத்தனம் காட்டினார்கள் என்று சொல்லித் தங்கள் சொந்த வீரர்களையே பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் போர் அதிர்ச்சியால் நிலைகுலைந்தவர்கள் என்பது பின்னாளில் ஏற்கப்பட்டது. அந்த வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாய் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகளும் மற்றவர்களும் விடாமல் போராடிய பின், 2006-ல் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கிச் சட்டம் இயற்றினார்கள். தற்கொலை வேறு, மரணதண்டனை வேறுதான். ஆனால் இரண்டு வீடுகளிலும் விழுகிற பூட்டு ஒன்று.

எப்படி இறந்தார் என்பதை யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கே அப்படி ஒரு எண்ணம் ஓடினால், படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே நம்பிக்கையான ஒருவரிடமோ டாக்டரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள்.

உடல் கிடைக்கவே இல்லை. காரியம் செய்வதற்கும் மனம் வரவில்லை, காத்திருப்பதற்கும் தெம்பு இல்லை.

காணாமல் போனவர்களின் வீட்டுத் துயரம் தனி. வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த உளவியலாளர் பாலின் பாஸ், இதற்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால், அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. இப்படிக் குழம்புவது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். நிலைமையே அப்படிப்பட்டது.

நம்பிக்கையை வைத்துக்கொண்டே நினைவுகூரலாம்; ஒன்று மற்றொன்றுக்குத் துரோகம் இல்லை. பெல்ஜியத்தில் ஈப்பர் நகரின் மெனின் வாயிலில், முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1928-லிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு அங்கே எக்காளம் ஊதுகிறார்கள், இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் ஜெர்மானியர் கையில் இருந்த காலம் தவிர. 1920 நவம்பர் 11-ல் லண்டனில் பெயர் தெரியாத ஒரு வீரரை நாட்டின் முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்; பாரிஸிலும் அதே நாளில் அப்படி ஒருவரின் பெட்டியை வெற்றி வளைவுக்குக் கொண்டுவந்து, 1921 ஜனவரியில் அடக்கம் செய்தார்கள். உள்ளே இருப்பது தன் மகனாகவும் இருக்கலாம் என்று எந்தத் தாயும் நினைத்துக்கொள்ள அங்கே இடம் இருந்தது.

நடைமுறையில் ஒன்று: பல நாடுகள் பழைய போர்க்களங்களில் கிடைக்கும் எலும்புகளை மரபணுச் சோதனையால் இன்றும் அடையாளம் காண்கின்றன. அமெரிக்காவில் அதற்கென்றே ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. இதற்குக் குடும்பத்தாரின் மாதிரி தேவை. தாய்வழியில் ஏறக்குறைய மாறாமல் வரும் மரபணு ஒன்று உண்டு என்பதால், பல தலைமுறை கடந்தாலும் தாய்வழி உறவினரின் மாதிரிக்குத் தனி மதிப்பு. உங்கள் நாட்டில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், வயதானவர்கள் இருக்கும்போதே மாதிரி கொடுத்து வையுங்கள். காணாமல்போனவர்களைத் தேடச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் பிரிவும் உதவும்.

கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு உலகப் போரில் இறந்தார் என்று மட்டும் சொல்வார்கள். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வீட்டிலிருந்து. கணினியை அப்புறம் திறக்கலாம். வயதானவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: படை எண், எந்த ரெஜிமென்ட், ஏறத்தாழ எந்த வருடம். இதில் படை எண்தான் சாவி. ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள், ஆனால் ரெஜிமென்டும் எண்ணும் சேர்ந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். மெடல் இருந்தால் விளிம்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல நாட்டு மெடல்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த மெல்லிய விளிம்பில் பொறித்திருக்கும். பெட்டிக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும் மெடலை இப்படித் திருப்பிப் பார்க்காத வீடுகள்தான் அதிகம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். இணையத்தில் பணம் கட்டாமல் தேடலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டுக் கைவிடாதீர்கள். மொழி தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. தலைப்பெழுத்து கடைசியில் போயிருக்கும், அப்பா பெயர் மகன் பெயராகியிருக்கும், ஒரு மெய்யெழுத்து காணாமல் போயிருக்கும். பெயரின் முதல் பாதியை மட்டும் கொடுத்து, படைப்பிரிவை வைத்து வடிகட்டிப் பாருங்கள். முதல் உலகப் போரில் கைதியாகிப் பின் இறந்தவர் என்றால், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பழைய கைதி அட்டைகளும் இணையத்தில் கிடைக்கும்.

ஆவணம் இல்லை என்று பதில் வந்தால், அவர் படையிலேயே இல்லை என்று அர்த்தம் இல்லை. 1940-ல் லண்டன் குண்டுவீச்சில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் முதல் உலகப் போர்க் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான கோப்புகள் நாசமாயின.

பட்டியலில் அவர் பெயரே இல்லை. அப்படியும் நடக்குமா?

நடந்திருக்கிறது, அதுவும் தெரிந்தே நடந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கல் என்று சொன்ன அதே ஆணையம், ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இறந்த ஆப்பிரிக்க, இந்திய, எகிப்தியப் படையினருக்கும் படையோடு போன கூலித் தொழிலாளர்களுக்கும் அந்த நியாயத்தைச் செய்யவில்லை. ஆணையம் நியமித்த குழு 2021-ல் இதை ஒப்புக்கொண்டு அறிக்கை கொடுத்தது: முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலை அதற்குப் பின் வேகம் பிடித்திருக்கிறது. உங்களிடம் ஒரு பழைய பென்ஷன் காகிதமோ, இறப்பை அறிவித்த தந்தியோ, கடிதமோ இருந்தால் அதன் நகலோடு எழுதிப் போடுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு தாள் அந்தப் பெயரைக் கல்லுக்குக் கொண்டுபோகக்கூடும்.

அந்தப் போரே அநியாயம் என்பது என் கருத்து. அவரை எப்படி நினைவுகூர்வது?

போரை ஏற்றுக்கொள்ளாமலே. வாஷிங்டனில் 1982-ல் திறக்கப்பட்ட வியட்நாம் வீரர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது மாணவி. அந்தப் போரை வைத்து நாடே இரண்டுபட்டுக் கிடந்த நேரம். கறுப்புக் கருங்கல்லில் பெயர்களை மட்டும் பொறிக்கலாம் என்றார் அவர். வெற்றி என்றோ தியாகம் என்றோ முழங்கவில்லை. அகரவரிசையும் இல்லை, இறந்த நாள் வரிசை. அதனால் ஒரே சண்டையில் செத்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். தொடக்கத்தில் அதைக் கடுமையாகத் திட்டியவர்கள் இருந்தார்கள். இன்று போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அதே சுவரில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தங்களுடைய ஆளின் பெயரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்று.

துக்க வீட்டில் அரசியல் விவாதம் மட்டும் வேண்டாம். உங்கள் கருத்து அங்கேயும் மாறாமல் இருக்கட்டும், வாய்க்குள் இருக்கட்டும்.

எதிர்த் தரப்பில் இறந்தவர்களையும் நினைக்க வேண்டுமா?

வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிரான்ஸின் நோத்ர்-தாம்-த-லோரெத் குன்றில் 2014 நவம்பர் 11-ல் ஒரு பெரிய வளையம் திறக்கப்பட்டது. அந்தப் பகுதியில் முதல் உலகப் போரில் இறந்த 5,79,606 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. நாடு இல்லை, பதவி இல்லை, நண்பன் எதிரி இல்லை, வெறும் அகரவரிசை. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் அதில் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள். என் அம்மாவிடம் அதன் படத்தைக் காட்டியபோது, “அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாதானே” என்றார். அது என் அம்மாவுடைய பதில். உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம்.

அப்பாவைப் பார்த்தே இராத குழந்தைக்கு என்ன சொல்வது?

பெரியவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “உங்க அப்பா பெரிய வீரர்.” அதையே கேட்டு வளர்கிற குழந்தைக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டிய ஒரு யூனிபார்ம். அதற்கு ஒரு சாதாரண அப்பா வேண்டும். அவர் கையெழுத்து கோணலா நேரா, கணக்கில் எவ்வளவு வாங்கினார், எந்தப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுவார், அம்மாவிடம் எதற்குத் திட்டு வாங்குவார் என்று கேட்கும்போதுதான் அதன் முகம் மலரும். குறைகளையும் சொல்லுங்கள். முன்கோபியாக இருந்தால் முன்கோபி என்று சொல்லுங்கள். குறையே இல்லாத அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வளர்வது எந்தப் பிள்ளைக்கும் பெரிய சுமை.

நான் பார்த்தவற்றில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு கடிதம் அந்தக் குழந்தைக்கு எழுதி வைப்பது. பள்ளி நண்பர், யூனிட் நண்பர், தங்கை, பழைய வாத்தியார் என்று ஒவ்வொருவரும். பெறுகிறவர் பெயரைப் போட்டு, நேராக அந்தக் குழந்தையிடம் பேசுவதுபோல. ஒரு வயதில் ஒன்று, இன்னொரு வயதில் ஒன்று என்று கொடுத்துக்கொண்டே வரலாம். குழந்தை திரும்பத் திரும்பக் கேட்கும். எட்டு வயதில் கேட்டதையே பதினைந்தில் வேறு அர்த்தத்தில் கேட்கும். சலிக்காமல் சொல்லுங்கள்.

நினைவு நாளை இறந்த தேதியில் வைப்பதா, பிறந்த தேதியிலா?

எதுவும் சரி. நாங்கள் பிறந்த நாளுக்கு மாறிவிட்டோம். இறந்த தேதியில் எல்லோரும் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசினோம், பிறந்த தேதியில் அவனைப் பற்றிப் பேச முடிகிறது. நாட்டின் பொது நினைவு நாள் வேறு. அன்று ஊரே நிற்கும். முதல் உலகப் போர் ஓய்ந்த நேரத்தை வைத்து 1919-லிருந்து நவம்பர் 11 காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் வழக்கம் அப்படிப்பட்டது. கூட்டத்தோடு நிற்பதிலும் ஒரு தெம்பு இருக்கிறது.

சமூக ஊடகத்தில் எழுதலாமா?

வீட்டாரைக் கேட்டுவிட்டு. இறந்த செய்தி எல்லா நெருங்கிய உறவுக்கும் போய்ச் சேரும் முன் ஒரு வரிகூட வேண்டாம். களத்தில் எடுத்த படம், காயம் பட்ட படம் எப்போதுமே வேண்டாம். யூனிட் எங்கே இருக்கிறது, யார் யார் கூட இருந்தார்கள் என்பதும் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் பணியில் இருக்கிறார்கள்.

அவருடைய பொருட்களை எப்படிப் பாதுகாப்பது?

முதலில் குரல். போனில் வந்த குரல் பதிவுகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னே தொலைந்துபோகின்றன. போன் மாறும், கணக்கு மூடப்படும், பதிவும் போய்விடும். இன்றே எடுத்துக் குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அண்ணனுடைய இரும்புப் பெட்டி வந்து சேர்ந்தபோது, மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவன் பெயரும் எண்ணும் இருந்தன. பழையதாக இருக்கிறதே என்று சித்தப்பா அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கப் பார்த்தார். அம்மா விடவில்லை. எழுத்து அவன் கையால் எழுதியது, எண்ணில் கடைசி இலக்கத்துக்கு இடம் போதாமல் நெருக்கிப் போட்டிருந்தான். பொருட்களைச் சுத்தம் செய்யும் ஆசை வரும்போது இதை யோசித்துப் பாருங்கள். மெடலைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், பொறித்த எழுத்து தேய்ந்துவிடும். கடிதங்களை லேமினேட் செய்யக்கூடாது, செலோ டேப் ஒட்டக்கூடாது. துருப்பிடித்த பின்னையும் கிளிப்பையும் எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத தாள் உறையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். யூனிபார்மைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தால் போதும்.

போட்டோக்களின் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தெரியும். படத்தில் அவர் தோளில் கை போட்டு நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருடைய யூனிட் நண்பர்களுக்குப் படத்தை அனுப்பிக் கேளுங்கள். ரெஜிமென்ட் அருங்காட்சியகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ எதையாவது கொடுப்பதாக இருந்தால், நல்ல நகல் எடுத்துக்கொண்டு, என்ன கொடுத்தீர்கள் என்று எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். அந்த ரசீதையும் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள், அடுத்து பெட்டியைத் திறப்பவருக்கு மீதி எங்கே இருக்கிறது என்று தெரியும்.